சூனியக்காரி தன் உயிர் இருக்கும் இடத்தை ஏன் சொல்லித் தொலைக்கிறாள்?

அகல்விளக்கு எழுதியது:

வணக்கம். எங்கள் தெரு நூலகத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். போன வாரம் பழைய சரக்கு ஒன்றை எடுத்தேன். ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, நடுக்காட்டில் ஒற்றை ஆலமரம். மரத்தில் பொந்து, பொந்தில் கூண்டு, கூண்டில் கிளி, கிளிக்குள் சூனியக்காரியின் உயிர். கிளியின் கழுத்தைத் திருகும் இடம் வந்தால் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள் என்பது என் கணக்கு.

அந்த இடத்துக்குப் போகவே விடவில்லை. முன்வரிசையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த ஆறு வயதுப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். "அத்தை, அவ்வளவு தூரத்தில் கொண்டுபோய் ஒளித்தவள், அதை ஏன் வாய்விட்டுச் சொன்னாள்? பேசாமல் இருந்திருக்கலாமே?"

"தண்ணீர் குடித்துவிட்டு வந்து சொல்கிறேன்" என்று எழுந்து போனேன். இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறேன். என் பாட்டி இந்தக் கதையைச் சொன்னபோது எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை. வெற்றிலை இடிக்கும் சத்தத்திலேயே தூங்கிவிடுவேன். வரும் சனிக்கிழமை அவள் கட்டாயம் வருவாள். யாராவது கைகொடுங்கள்.

கல்தூண் எழுதியது:

விடை எளிது. அவள் சொல்லாவிட்டால் கதை முடியாது.

உயிரை உடலுக்கு வெளியே வைக்கும் கதைகள் உலகெங்கும் உண்டு. நாட்டுப்புறக் கதைகளை வகைப்படுத்தும் ஆர்னே, தாம்சன், ஊத்தர் அட்டவணையில் இதற்கு 302 என்று எண்ணே இருக்கிறது. 'முட்டைக்குள் அரக்கனின் இதயம்' என்பது பெயர். ரஷ்யாவில் கொஷ்சேய் என்ற மந்திரவாதி. சாவில்லாதவன் என்பது அவன் பட்டப்பெயர். புயான் தீவில் ஓக் மரம், மரத்தடியில் பெட்டி, பெட்டிக்குள் முயல், முயலுக்குள் வாத்து, வாத்துக்குள் முட்டை, முட்டைக்குள் ஊசி, ஊசி முனையில் அவன் சாவு. கவனியுங்கள், பல சொல்முறைகளில் அங்கே இருப்பது அவன் உயிர் என்று சொல்வதில்லை, அவன் சாவு என்றே சொல்கிறார்கள்.

இத்தனை உறைகளையும் நாயகன் ஒன்றொன்றாக உரிப்பதுதான் கேட்பவர்களுக்கு இன்பம். உரிக்க வேண்டுமானால் இடம் தெரிய வேண்டும். இதில் பாத்திரத்தின் மனநிலையைத் தேடுவது, கோலத்தில் புள்ளி ஏன் வைத்தாய் என்று கேட்பதைப் போன்றது.

மூன்றாம்படி எழுதியது:

கல்தூண் ஐயா, ஆறு வயதுக் குழந்தையிடம் "அது கோலப்புள்ளி" என்று சொன்னால் எழுந்து போய்விடும்.

நார்வேக் கதையைப் பாருங்கள். அஸ்பியோர்ன்சனும் மோவும் தொகுத்தது. உடம்பில் இதயம் இல்லாத ஒரு பூதம், அவன் வீட்டில் சிறைப்பட்ட இளவரசி, கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் இளவரசன். "உன் இதயம் எங்கே?" என்று இவள் கேட்கிறாள். "வாசற்படிக்கு அடியில்" என்கிறான். பொய். மறுநாள் பூதம் வெளியே போனதும் இருவரும் படியைத் தோண்டிப் பார்க்கிறார்கள், ஒன்றும் இல்லை. மண்ணை மூடி, படி நிறையப் பூவைப் பரப்பி வைக்கிறாள். திரும்பி வந்தவன் "இது என்ன பூ?" என்று கேட்கிறான். "உங்கள் இதயம் இருக்கும் இடமாயிற்றே" என்கிறாள். அவன் சிரிக்கிறான்: அங்கே இல்லை, அலமாரியில் இருக்கிறது. அதுவும் பொய். அடுத்த நாள் அலமாரி முழுக்கப் பூ. மூன்றாம் முறை கேட்கும்போது உண்மையைச் சொல்லிவிடுகிறான். எங்கோ தொலைவில் ஏரி, ஏரியில் தீவு, தீவில் தேவாலயம், அதற்குள் கிணறு, கிணற்றில் வாத்து, வாத்துக்குள் முட்டை, முட்டைக்குள் இதயம்.

இரண்டு முறை பொய் சொல்லத் தெரிந்தவனுக்கு மூன்றாவது பொய் வராமல் போகுமா? அவன் ஏமாந்தது கேள்வியில் இல்லை. தன் இதயம் இருப்பதாகச் சொன்ன மரக்கட்டைக்கு ஒருத்தி பூ வைத்தாள் பாருங்கள், அங்கே விழுந்தான். வெள்ளிக்கிழமை நிலைப்படிக்கு மஞ்சள் பூசிப் பூ வைக்கும் வீட்டில் வளர்ந்த எனக்கு அவன்மேல் பாவமாகத்தான் இருக்கிறது.

ஈரவிறகு எழுதியது:

நல்ல நேரத்தில் கண்ணில் பட்ட இழை. நான் ஒரு மாயக்கதை நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். சூனியக்காரியின் சாகாவரம் ஒரு தந்தச் சீப்பில் இருக்கிறது. சீப்பு இருக்கும்வரை அவளுக்குச் சாவு இல்லை. நாற்பது பக்கம் எழுதிய பிறகுதான் புரிந்தது, அந்தச் சீப்பில் சாபம் என்று ஒன்றுமே இல்லை. வெறும் லாபம். படித்துப் பார்த்த நண்பர் "உன் நாயகி பீரோவில் நகை வைத்திருப்பவளைப் போல இருக்கிறாள்" என்றார். பொருளைச் சபிக்கப்பட்டதாக்குவது எப்படி?

கல்தூண் எழுதியது:

ஈரவிறகு தம்பி, அதற்கு ரஷ்யா வரை போக வேண்டாம். மகாபாரதம் வனபர்வத்தில் ஒரு சின்னக் கதை இருக்கிறது. யவக்ரீதனுக்கு அவன் தந்தை பரத்வாஜர் சொல்லும் எச்சரிக்கை.

பாலதி என்று ஒரு முனிவர். பிள்ளையை இழந்தவர். சாகாத பிள்ளை வேண்டும் என்று கடுந்தவம் செய்கிறார். தேவர்கள் வருகிறார்கள், மனிதனுக்குச் சாகாவரம் தர முடியாது, ஏதாவது ஒன்றோடு சேர்த்துக் கட்டப்பட்ட ஆயுளைத்தான் தர முடியும் என்கிறார்கள். முனிவர் யோசிக்கிறார். கண்முன் மலைகள் நிற்கின்றன. "இந்த மலைகள் அழியாமல் நிற்பவை. இவை உள்ளவரை என் பிள்ளை இருக்கட்டும்" என்கிறார். மேதாவி பிறக்கிறான். தன் ஆயுளின் கதை தெரிந்ததும் அவனுக்குத் தலைக்கனம் ஏறுகிறது. கண்ட முனிவர்களை எல்லாம் அவமதிக்கிறான். கடைசியில் தனுஷாக்ஷர் என்பவரிடம் வாலாட்டுகிறான். அவர் "சாம்பலாய்ப் போ" என்று சபிக்கிறார். இவன் ஆகவில்லை. அப்போதுதான் அவருக்கு விஷயம் புரிகிறது. எருமைகளைக் கொண்டு அந்த மலைகளை இடித்து நொறுக்குகிறார். பையன் விழுந்து சாகிறான்.

சாபம் தனியாக எங்கும் சேர்க்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். முனிவரின் சாபம் அவனிடம் பலிக்கவே இல்லை. வரத்துக்குள்ளேயே கேடு உட்கார்ந்திருந்தது. மலையோடு கட்டினால் மலைக்கு வருவது உனக்கும் வரும். உங்கள் சீப்புக்கு என்ன வரும் என்று யோசியுங்கள். தந்தம் வெடிக்கும், பல் உடையும்.

ஈரவிறகு எழுதியது:

பல் உடையும்! ஐயா, இது ஒன்றே எனக்கு மூன்று அத்தியாயம். ஒவ்வொரு பல் உடையும்போதும் அவளிடமிருந்து ஒன்று போக வேண்டும்.

வன்னிக்காடு எழுதியது:

கிளி, வாத்து, மலை எல்லாம் சரி. எங்கள் ஊரின் மானத்தை வாங்கிய கதை ஒன்று இருக்கிறது. மானிடவியலாளர் பிரேசர் தம் 'பொற்கொம்பு' (The Golden Bough) நூலில் எடுத்துக் காட்டும் வங்காளக் கதை. அரக்கர் அத்தனை பேரும் குடியிருப்பது இலங்கையில். அத்தனை பேரின் உயிரும் இருப்பது ஒரே ஓர் எலுமிச்சம்பழத்தில். ஒரு பொடியன் அந்தப் பழத்தைத் துண்டு துண்டாக நறுக்குகிறான். இலங்கை முழுவதும் அரக்கர் பூண்டோடு அழிகிறார்கள்.

முதன்முதலாக இதைப் படித்தபோது அம்மம்மா குசினியில் தேசிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். நான் ஒரு நிமிடம் என் கையையும் காலையும் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

விளையாட்டுக்குச் சொன்னாலும் ஒன்று யோசிக்க வேண்டும். தீவு நிறைய இருக்கிற கூட்டம், காய்ந்து போகக்கூடிய ஒரு பழத்தில் உயிரை வைக்குமா? இரும்பில் வைத்திருக்கலாம், கல்லில் வைத்திருக்கலாம்.

மூன்றாம்படி எழுதியது:

வன்னிக்காடு, எலுமிச்சம்பழத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் புது வண்டி வாங்கினால் நான்கு சக்கரத்துக்கும் அடியில் ஒவ்வொரு பழம் வைத்து, நசுக்கிக்கொண்டுதான் வண்டி நகரும். முச்சந்தியில் குங்குமம் தடவிய பாதிப் பழம் கிடந்தால் அதை மிதிக்காமல் சுற்றிப் போகிறோம். படித்தவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், நான் உட்பட. அந்தப் பழத்துக்குள் யாரோ இருக்கிறார்கள் என்று உள்ளுக்குள் நம்புவதால்தானே? வங்காளக் கதைக்காரருக்கும் அதே நினைப்பு இருந்திருக்கலாம். இது என் ஊகம்தான்.

பினாங்கு_வண்டு எழுதியது:

மலேசியாவிலிருந்து ஒன்று சேர்க்கிறேன். சாகாவரம் தரும் பொருள் யார் கையில் இருக்கிறது என்பதுதான் இதில் பெரிய விஷயம் என்று எனக்குப் படுகிறது.

மலாய் மொழியில் 'பிடாசாரி' என்று நீண்ட கதைப்பாடல் உண்டு. பிடாசாரி ஒரு வணிகர் எடுத்து வளர்த்த பெண். அவள் உயிர் ஒரு சிறு மீனில் இருக்கிறது. மீன் வணிகரின் தோட்டத்துக் குளத்தில் இருக்கிறது. அரசி லீலா சாரிக்குத் தன்னைவிட அழகி யாரும் இருக்கக்கூடாது. பிடாசாரியை அழைத்துவந்து வதைக்கிறாள். தாங்க முடியாத அந்தப் பெண் தானே சொல்கிறாள்: என்னைக் கொல்ல வேண்டுமானால் குளத்து மீனைப் பிடித்துக் கழுத்தில் கட்டிக்கொள்ளுங்கள். அரசி அப்படியே செய்கிறாள். அன்று முதல் பகலெல்லாம் பிடாசாரி பிணமாகக் கிடக்கிறாள். இரவில் மட்டும் உயிர் வருகிறது.

இதே கதை வங்காளத்திலும் இருக்கிறது. லால் பிகாரி தே 1883-இல் வெளியிட்ட வங்காள நாட்டுப்புறக் கதைகளில் வரும் டாலிம் குமார். அவன் உயிர் ஒரு பொன் சங்கிலியில். சங்கிலி ஒரு மரப்பெட்டியில். பெட்டி அரண்மனைக் குளத்து வாளை மீனின் வயிற்றில். மாற்றாந்தாய் மீனைப் பிடிக்கச் செய்து சங்கிலியை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்கிறாள். பகலில் அவள் அணியும்போது இவன் பிணம். இரவில் கழற்றி வைக்கும்போது எழுந்து உட்காருகிறான்.

கங்கைக் கரையிலிருந்து மலாக்கா நீரிணைக்கு இந்தக் கதை கப்பலேறி வந்ததா, இங்கேயே முளைத்ததா என்பதைக் கல்தூண் ஐயா சொல்லட்டும். எனக்குப் பிடித்தது அந்தப் பகலும் இரவும்தான். கொல்வதற்காக அவள் ஒன்றும் செய்யவில்லை. காலையில் எழுந்து சங்கிலி போட்டுக்கொள்கிறாள். தினமும் நாம் போட்டுக்கொள்வதுபோல.

ஈரவிறகு, உங்கள் சீப்பை வேறொருத்தி எடுத்துத் தலைவாரத் தொடங்கினால் என்ன ஆகும்?

ஈரவிறகு எழுதியது:

இன்று இரவு தூங்கப் போவதில்லை.

கல்தூண் எழுதியது:

பினாங்கு_வண்டு கேட்டதற்கு: இரண்டுக்கும் உறவு இருக்கும் என்றே தோன்றுகிறது. கதை கப்பலேறியதற்கு வேறொரு சாட்சி இருக்கிறது. நம் வால்மீகியிலும் கம்பனிலும் இராவணன் உயிரைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போருக்குப் போகவில்லை. தாய்லாந்தின் இராமகியனில் போகிறான். தோட்சகன் என்று அங்கே அவனுக்குப் பெயர். இதயத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்து கோபுத் என்ற முனிவரிடம் ஒப்படைத்துவிடுகிறான். அம்பு பட்டாலும் சாவதில்லை. அனுமன் முனிவரை ஏமாற்றிப் பெட்டியைக் கைப்பற்றிய பிறகுதான் போர் முடிகிறது. இராமன் கதையோடு வேறு ஏதோ ஒரு கிளிக்கதையும் அதே பாய்மரத்தில் போயிருக்கிறது.

ஆனால் ஒரு குறை சொல்ல வேண்டும். தலைப்பு சூனியக்காரி என்கிறது. இதுவரை வந்தவர்கள் எல்லோரும் ஆண்கள், அல்லது அப்பாவிகள்.

அகல்விளக்கு எழுதியது:

கல்தூண் ஐயா, குறையை நானே தீர்க்கிறேன். பினாங்கு_வண்டு சொன்ன அதே லால் பிகாரி தே தொகுப்பைத் தேடி எடுத்தேன். அதில் அரக்கர்களைப் பற்றிய கதை ஒன்று இருக்கிறது. இரண்டு நாளாக அதை விட்டு வெளியே வர முடியவில்லை.

ஊரையே தின்றுவிட்ட அரக்கர்கள் ஒரே ஒரு பெண்ணை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். வயதான அரக்கி ஒருத்திக்கு அவள்மேல் பாசம். பகலில் அரக்கி இரை தேடப் போகும்போது ஒரு குச்சியால் தொட்டு அவளைப் பிணமாக்கிவிட்டுப் போவாள். பொன்னில் ஒன்று, வெள்ளியில் ஒன்று என்று இரண்டு குச்சிகள். மாலையில் வந்து மீண்டும் தொட்டு எழுப்புவாள். நாம் பிள்ளையை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போவதில்லையா, அப்படி.

ஒளிந்திருக்கும் இளைஞன் ஒருவன் சொல்லிக்கொடுத்தபடி, ஓர் இரவு பெண் அழுகிறாள். "பாட்டி, உனக்கு வயதாகிவிட்டது. நீ செத்துப்போனால் மற்றவர்கள் என்னைத் தின்றுவிடுவார்களே." அரக்கி தேற்றுகிறாள். நாங்கள் சாகமாட்டோம், பயப்படாதே. அதோ அந்தக் குளத்தின் ஆழத்தில் ஒரு பளிங்குத் தூண், தூணின் உச்சியில் இரண்டு தேனீக்கள். ஒருவன் ஒரே மூச்சில் முங்கி அவற்றை எடுத்துவந்து, ஒரு சொட்டு இரத்தமும் தரையில் சிந்தாமல் கொன்றால்தான் எங்களுக்குச் சாவு. சொட்டு விழுந்தால் அதிலிருந்து ஆயிரம் அரக்கர் முளைப்பார்கள். இதை எந்த மனிதன் செய்யப்போகிறான், நீ தூங்கு.

ஆயிரம் முளைப்பது நமக்குப் புதிதில்லை, தேவி மாகாத்மியத்தின் இரத்தபீஜன்தான். நான் நின்றது வேறு இடத்தில். இங்கே காதல் இல்லை, மயக்கம் இல்லை, இரண்டு முறை பொய்யும் இல்லை. அழும் பிள்ளையைத் தூங்க வைப்பதற்காகச் சொல்கிறாள். நான் பிள்ளைகளுக்குக் கதை சொல்வது போலவே அவளும் அந்தப் பெண்ணுக்கு ஒரு கதை சொல்லிவிட்டாள். அவள் வாயிலிருந்து வந்த கடைசிக் கதை.

இதை அந்தச் சிறுமியிடம் சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஆனால் அவள் அடுத்துக் கேட்பது எனக்கு இப்போதே காதில் விழுகிறது: "அப்படியானால் அந்தப் பொண்ணுதான் கெட்டவளா?"

வன்னிக்காடு எழுதியது:

ஊரையே தின்றவளுக்காக அழ வேண்டாம் அக்கா. அந்தப் பெண்ணின் தாய் தகப்பனும் அவள் வயிற்றில்தானே போயிருப்பார்கள். பாசம் வைத்தாள் என்பதற்காகக் கணக்கு நேராகிவிடாது.

அகல்விளக்கு எழுதியது:

அதுவும் சரி. அழவில்லை, தம்பி. தொண்டையில் நிற்கிறது, அவ்வளவுதான்.

மூன்றாம்படி எழுதியது:

நான் முதலில் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். பூ வைத்ததற்காகச் சொன்னான், பாசத்துக்காகச் சொன்னாள் என்று நாம் எல்லோரும் அதைப் பலவீனமாகவே பார்த்துக்கொண்டிருக்கிறோம். எகிப்தைப் பார்த்த பிறகு எனக்கு ஐயம் வந்துவிட்டது.

'இரு சகோதரர்கள்' கதை. பாப்பிரஸ் சுருள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, எழுதப்பட்டு ஏறக்குறைய 3200 ஆண்டுகள் ஆகின்றன. தம்பி பாட்டா தன் இதயத்தை எடுத்து ஒரு மரத்தின் உச்சியில் இருக்கும் பூவின்மேல் வைக்கிறான். வைப்பதற்கு முன்பே அண்ணன் அனூபிசிடம் சொல்லிவிடுகிறான்: மரத்தை வெட்டினால் நான் விழுவேன். உன் கையில் இருக்கும் பீர்ச் சாடி நுரைத்துப் பொங்கினால் எனக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்று தெரிந்துகொள். வந்து என் இதயத்தைத் தேடு. ஏழு ஆண்டு ஆனாலும் சலித்துக்கொள்ளாதே. கிடைத்ததும் குளிர்ந்த தண்ணீர்க் கிண்ணத்தில் போடு.

பிறகு அதே இரகசியத்தை மனைவியிடமும் சொல்கிறான். அவள் மரத்தை வெட்ட வைக்கிறாள். இவன் சாகிறான். அண்ணன் கையில் சாடி பொங்குகிறது. அவர் போய் மூன்று ஆண்டு தேடி, நான்காம் ஆண்டில் ஒரு விதை போலச் சுருங்கிக் கிடந்த இதயத்தைக் கண்டெடுக்கிறார். தண்ணீரில் போடுகிறார். இரவில் அது தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது, பிணத்தின் உடம்பு நடுங்குகிறது. முளைகட்டப் பயறு ஊற வைத்தவர்களுக்கு அந்த உப்பல் தெரியும்.

ஒரே இரகசியம். ஒருத்தியிடம் சொன்னதால் செத்தான். ஒருவரிடம் சொன்னதால் பிழைத்தான். யாரிடமுமே சொல்லாமல் இருந்திருந்தால் மரம் புயலில் விழுந்தாலும் தேடி வர ஆள் இல்லை. உயிரை வெளியே வைத்தவர் யாரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும். வங்கிக் கணக்குக்கு வாரிசு எழுதுவது போல. வாரிசைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லோரும் தோற்கிறார்கள்.

கல்தூண் எழுதியது:

மூன்றாம்படி அம்மாவுக்கு என் கோலப்புள்ளியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பாதியை மட்டும். கதை முடிய வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வோர் ஊரிலும் வாய் திறக்க வைக்கும் காரணம் வேறாக இருக்கிறதே, அது கட்டாயத்தால் வருவதில்லை. கொஷ்சேய்க்குக்கூட எல்லாக் கதையிலும் ஊசி கிடையாது. மார்யா மொரேவ்னா கதையில் முட்டையும் இல்லை, முயலும் இல்லை. பன்னிரண்டு சங்கிலியில் கட்டுண்டு கிடப்பவனுக்கு இளவரசன் இரக்கப்பட்டு மூன்று வாளி தண்ணீர் கொடுத்துவிடுகிறான். குடித்ததும் பழைய பலம் திரும்பிச் சங்கிலி அறுகிறது. அங்கே வாயைத் திறந்தது வேறு காரியத்துக்கு.

ஈரவிறகு எழுதியது:

என் நாவலின் முடிவில் சூனியக்காரி சீப்பை உடைக்கச் சொல்லித் தானே கேட்கிறாள் என்று வைத்திருந்தேன். நம்பும்படி இருக்குமா? சாகாவரம் வாங்கியவள் சாவைக் கேட்பாளா?

பினாங்கு_வண்டு எழுதியது:

கேட்டிருக்கிறாள். கூமே ஊர் சிபில். இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கம், குகையில் இருந்து குறி சொன்னவள். கிரேக்கக் கடவுள் அப்பல்லோ வரம் தருகிறேன் என்றபோது ஒரு பிடி மண்ணை அள்ளி, இதில் எத்தனை மணலோ அத்தனை ஆண்டு வேண்டும் என்றாள். இளமையைச் சேர்த்துக் கேட்க மறந்துவிட்டாள். ரோமானியக் கவிஞர் ஓவிட் கணக்குப்படி 1000 ஆண்டு. டிராய் நகர வீரன் ஐனியஸ் அவளைப் பார்க்கும்போது 700 முடிந்து 300 பாக்கி. உடல் சுருங்கிக்கொண்டே போகும், கடைசியில் குரல் மட்டும் மிஞ்சும் என்று அவளே சொல்கிறாள். ரோமானிய எழுத்தாளர் பெட்ரோனியஸ் காட்டும் காட்சி இன்னும் மோசம். ஒரு சாடிக்குள் தொங்குகிறாள். சிறுவர்கள் சூழ்ந்து நின்று, சிபில், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். சாக வேண்டும் என்கிறாள்.

உங்கள் சீப்புக்காரிக்கு எத்தனை வயதில் வரம் கிடைத்தது என்று முதலில் முடிவு செய்யுங்கள். அறுபதில் கிடைத்திருந்தால் மூட்டுவலியும் சேர்ந்தே நிலைத்துவிடும்.

ஈரவிறகு எழுதியது:

இருபத்துமூன்று என்று எழுதியிருந்தேன். அறுபத்துமூன்று ஆக்கிவிட்டேன். ஒரு எழுத்துகூடச் சேர்க்காமல் கதை இரண்டு மடங்கு கனத்துவிட்டது. (சரி, எழுத்து மாறியது. திருத்த வராதீர்கள், கல்தூண் ஐயா.)

அகல்விளக்கு எழுதியது:

சனிக்கிழமை முடிந்தது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கடைசியில் நான் எடுத்தது 'பஞ்ச்கின்'. பம்பாய் ஆளுநராக இருந்த பார்ட்டில் பிரியரின் மகள் மேரி பிரியர் 1868-இல் வெளியிட்ட தக்காணக் கதைத் தொகுப்பில் வருவது. அவர்கள் வீட்டு ஆயா அன்னா லிபராட்டா டிசூசா சொன்ன கதைகள் அவை. கதை சொல்லும் என்னைப் போன்ற ஒருத்தியின் பெயர் அச்சில் நிற்கிறதே என்பதற்காகவே எடுத்தேன். மந்திரவாதி பஞ்ச்கின்னை அத்தை போன்ற ஒரு சூனியக்காரியாக மாற்றிக்கொண்டேன். அன்னா அம்மா மன்னிப்பார்.

பல லட்சம் மைல் தாண்டி அடர்ந்த காடு. காட்டின் நடுவில் வட்டமாகப் பனைகள். வட்டத்துக்கு நடுவில் தண்ணீர் நிறைந்த ஆறு குடங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. ஆறாவது குடத்துக்கு அடியில் சின்னக் கூண்டு. கூண்டுக்குள் பச்சைக் கிளி. சுற்றிலும் ஆயிரமாயிரம் பூதங்கள் காவல். சிறையில் இருப்பவள் கேட்க, சூனியக்காரி ஏன் சொன்னாள் என்பதற்கு நீங்கள் கொடுத்த எல்லாவற்றையும் கலந்து கொடுத்தேன். யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் சொன்னாள், சொல்லக் கூடாதவளிடம் சொல்லிவிட்டாள் என்று.

முன்வரிசைப் பெண் தலையாட்டினாள். ஏற்றுக்கொண்டாள்! பையன் கிளியின் ஒரு சிறகைப் பிய்க்க இவள் கை விழுவது, இன்னொரு சிறகுக்கு இன்னொரு கை, கழுத்தைத் திருகும்போது இவள் தலையும் கூடவே திருகிக்கொள்வது, எல்லாம் நன்றாகவே போனது. கதை முடிந்து பாய் சுருட்டும்போது, பின்வரிசையில் இதுவரை வாயே திறக்காத பையன் ஒருவன் வந்து நின்றான்.

"அத்தை, கிளிக்கு யார் சாப்பாடு போட்டது?"

நான் விழித்தேன். அவன் விடவில்லை. "பழம் போட வேண்டும். மிளகாய் போட வேண்டும். எங்கள் வீட்டுக் கிளிக்கு ஒரு நாள் போடாவிட்டாலும் கம்பியைக் கடிக்கும். இவள் அவ்வளவு தூரத்தில் இருக்கிறாள். கிளி பசியில் செத்திருந்தால்?"

முன்வரிசைப் பெண் திரும்பி வந்து அவன் பக்கத்தில் நின்றுகொண்டாள். "ஆறு குடத்துத் தண்ணீரும் வற்றாதா?" என்றாள்.

நான் மறுபடியும் தண்ணீர் குடிக்கப் போனேன்.

வன்னிக்காடு எழுதியது:

ஆயிரமாயிரம் பூதங்கள் காவலுக்கு நின்றன அல்லவா? அவை போட்டிருக்கும்.

கல்தூண் எழுதியது:

பூதங்கள் பனைகளுக்கு வெளியே நிற்கின்றன. உள்ளே போகிறவனைக் கொல்வதுதான் அவற்றின் வேலை. உள்ளே போய்க் கூண்டைத் திறக்கும் பூதத்தை மற்றப் பூதங்கள் விடுமா?

மூன்றாம்படி எழுதியது:

அப்படியானால் அவளேதான் தினமும் போய்வந்திருக்க வேண்டும். பல லட்சம் மைல். கையில் கொய்யாப்பழத்தோடு.

ஈரவிறகு எழுதியது:

சீப்பிலேயே இருந்துவிடுகிறேன்.